விமானத்துக்கு வானிலை சொல்வது யார்?

நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு இரவில் ஒரு விமானம் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பயணிகள் பெட்டியை உருட்டிக்கொண்டு விமான நிலையத்துக்குள் நுழைவதற்கு முன்பே, அந்த விமான நிறுவனத்தின் அலுவலகத்தில் ஒருவர் கணினி முன் உட்கார்ந்து கணக்குப் போடத் தொடங்கியிருப்பார். எந்தப் பாதையில் போவது, எத்தனை அடி உயரத்தில் பறப்பது, எத்தனை டன் எரிபொருள் நிரப்புவது என்பதெல்லாம் அவர் கையில் இருக்கிறது. டிஸ்பேட்சர் என்பார்கள்.

வானிலை என்றதும் நமக்கு வரும் முதல் கேள்வி "மழை வருமா?" என்பதுதான். டிஸ்பேட்சருக்கு மழை பெரிய கவலை இல்லை. இன்னும் நான்கு மணி நேரத்தில், அட்லாண்டிக்கின் நடுவில், 34,000 அடி உயரத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து எவ்வளவு வேகத்தில் வீசும் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். அங்கே வெப்பநிலை என்ன, பாதையில் இடிமேகம் எங்கே எழும்பும், லண்டனில் இறங்கும் நேரத்தில் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியுமா என்பதெல்லாம் அடுத்தடுத்த கேள்விகள். கடைசியில் எல்லாப் பதில்களும் கிலோகிராமில் வந்து முடியும். வானிலைக் கணிப்பு என்பது விமானத்துறையில் பெரும்பாலும் எரிபொருள் கணக்குதான்.

காற்றோடு ஒரு கணக்கு

இந்த இரண்டு நகரங்களுக்கும் இடையே சுமார் 5,550 கிலோமீட்டர். விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது என்றால், காற்றே இல்லாத நாளில் 6 மணி 10 நிமிடம் ஆகும். வழி முழுக்க மணிக்கு 150 கிலோமீட்டர் காற்று பின்னாலிருந்து தள்ளினால் அதே தூரம் 5 மணி 17 நிமிடத்தில் முடிந்துவிடும். திரும்பி வரும்போது அதே காற்று எதிரே நின்றால் 7 மணி 24 நிமிடம். (போகும்போது கிடைத்த லாபத்தைவிட வரும்போது பட்ட நஷ்டம் அதிகம் என்பதைக் கவனியுங்கள். எதிர்காற்றில் விமானம் அதிக நேரம் சிக்கிக்கொள்கிறது, அதனால்தான்.)

150 என்பது கற்பனை எண் இல்லை. நிலநடுக்கோட்டுக்கும் துருவத்துக்கும் இடைப்பட்ட பகுதியில், ஏறத்தாழ 30,000 முதல் 40,000 அடி உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறு போல ஓடிக்கொண்டிருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்று பெயர். துருவப் பக்கத்துக் குளிர்ந்த காற்றும் வெப்பப் பகுதியின் சூடான காற்றும் சந்திக்கும் இடத்தில், அந்த வெப்பநிலை வேறுபாட்டால் உருவாவது இது. குளிர்காலத்தில் வேறுபாடு கூடும்போது காற்றும் கடுமையாகும். 2020 பிப்ரவரியில், கியாரா புயலின்போது, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. என்ஜினில் புதிதாக எதுவும் இல்லை, காற்று தள்ளிய தள்ளுதான்.

இந்தக் காற்றை முதலில் அளந்தவர்களில் ஒருவர் ஜப்பானிய வானிலையாளர் ஊயிஷி வாசபுரோ. 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டு, மேலே அசுர வேகத்தில் காற்று வீசுவதைக் கண்டுபிடித்தார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று எண்ணி அறிக்கையை எஸ்பராண்டோ என்ற, உலகப் பொதுமொழியாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட மொழியில் வெளியிட்டார். கிட்டத்தட்ட யாருமே படிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், ஜப்பான் மேல் பறந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானிகள் அந்தக் காற்றில் மாட்டிய பிறகுதான் விஷயம் பரவலாகத் தெரிந்தது. 1952இல் பான் ஆம் நிறுவனம் டோக்கியோவிலிருந்து ஹொனலுலுவுக்கு இந்தக் காற்றில் ஏறிப் பறந்து பார்த்தது. 18 மணி நேரப் பயணம் பதினொன்றரை மணி நேரமாகச் சுருங்கியது.

அட்லாண்டிக்கில் இன்று இது அன்றாட வேலையாகிவிட்டது. கடலுக்கு மேலே விமானங்களுக்கான பாதைகள் நிரந்தரமாகப் போடப்பட்டவை அல்ல; காற்றின் கணிப்பைப் பார்த்துத் தினமும் புதிதாக வரைகிறார்கள். இரவில் கிழக்கே போகும் பாதைகள் ஜெட் ஸ்ட்ரீமோடு ஒட்டி ஓடும். பகலில் மேற்கே போகும் பாதைகள் அதைத் தவிர்த்து வளைந்து செல்லும். தரையில் யாராவது தினமும் காலையில் நெடுஞ்சாலையை இடம் மாற்றிப் போட்டால் எப்படி இருக்கும்? வானத்தில் அதுதான் நடக்கிறது.

சரி, காற்று சாதகமாக இருக்காவிட்டால் என்ன, இரண்டு டன் எரிபொருள் கூடுதலாகப் போட்டுக்கொண்டால் போயிற்று என்று தோன்றலாம். ஆனால் எரிபொருளும் எடைதான். அந்த எடையைத் தூக்கிச் செல்லவே எரிபொருள் வேண்டும். நீண்ட பயணத்தில் கூடுதலாக நிரப்பியதில் கணிசமான பங்கு வழியிலேயே எரிந்துபோகும். அதனால் சட்டப்படி வேண்டியதை வைத்துக்கொண்டு, மீதியைக் கணிப்பின் மேல் உள்ள நம்பிக்கையைப் பொறுத்துத் தீர்மானிக்கிறார்கள். பயணத்துக்கான எரிபொருள், எதிர்பாராதவற்றுக்காக வழக்கமாக அதில் 5 சதவீதம், சேருமிடத்தில் இறங்க முடியாவிட்டால் மாற்று விமான நிலையத்துக்குப் போக வேண்டியது, அதற்கும் மேல் ஜெட் விமானங்களுக்கு 30 நிமிடம் வட்டமடிக்கப் போதுமான கடைசி இருப்பு. அந்தக் கடைசி இருப்பில் கைவைக்கும் நிலை வந்தால் அது அவசரநிலை.

எல்லோருக்கும் ஒரே கணிப்பு

பத்து நாடுகளின் மேல் பறக்கும் விமானம் பத்து வானிலைத் துறைகளிடம் போய்க் கேட்க முடியாது. ஒரு நாடு ஒரு விதமாகவும் பக்கத்து நாடு இன்னொரு விதமாகவும் சொன்னால், எல்லைக்கோட்டில் காற்று திடீரெனத் திசை மாறுவது போல ஒரு வரைபடம்தான் கிடைக்கும். போதாததற்கு, ஒரே பாதையில் முன்னும் பின்னுமாகப் போகும் இரண்டு நிறுவனங்கள் இரண்டு வெவ்வேறு கணிப்புகளை வைத்துக்கொண்டு பறந்தால் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் பாடு திண்டாட்டம்.

இதற்காகவே ஐ.நா.வின் இரண்டு அமைப்புகள் கைகோத்திருக்கின்றன. சர்வதேச குடிமை விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ, எந்தத் தகவல் எப்போது எந்த வடிவில் வர வேண்டும் என்ற விதிகளை வகுக்கிறது. அவை அதன் மூன்றாம் இணைப்பு ஆவணத்தில் இருக்கின்றன. எப்படி அளப்பது, எப்படிக் குறியீடாக்குவது என்ற தொழில்நுட்பப் பக்கத்தை உலக வானிலை அமைப்பு பார்த்துக்கொள்கிறது. இந்த ஏற்பாட்டின் கீழ் உலகம் முழுவதற்குமான மேல்வானக் கணிப்பைத் தருபவை இரண்டே மையங்கள். ஒன்று லண்டன் மையம் என்று பெயர் பெற்றது, பிரிட்டிஷ் வானிலைத் துறையின் பொறுப்பில் உள்ளது. இன்னொன்று வாஷிங்டன் மையம், அமெரிக்க அரசின் பொறுப்பில் உள்ளது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்: லண்டன் மையம் இயங்குவது எக்ஸிட்டரில், வாஷிங்டன் மையத்தின் முக்கியமான வேலைகள் நடப்பது கேன்சஸ் சிட்டியில்.

ஏன் இரண்டு? ஒன்று படுத்துவிட்டால் மற்றது தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பதற்காக. இரண்டுமே முழு உலகத்துக்கும் கணிப்புத் தயாரிக்கின்றன. ஒரு நாளைக்கு நான்கு முறை, சர்வதேச நேரப்படி 00, 06, 12, 18 மணித் தரவுகளை வைத்துக் கணினி மாதிரிகள் ஓடுகின்றன. பூமியைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வோர் உயரத்திலும் காற்று, வெப்பநிலை, ஈரப்பதம் ஆகியவற்றைச் சொல்கிறார்கள். கொந்தளிப்பு, இறக்கையில் பனி படிதல், குமுலோநிம்பஸ் எனப்படும் இடிமேகம் எங்கே வரலாம் என்பதும் அதோடு வரும். விமான நிறுவனத்தின் மென்பொருள் இவற்றை நேரடியாக எடுத்துக்கொள்கிறது.

அந்த வரி என்ன சொல்கிறது

மேல்வானம் இப்படி என்றால், விமான நிலையத்துக்கு வேறு வழி. அங்கே இரண்டு அறிக்கைகள் முக்கியம். மெட்டார் என்பது இந்த நிமிடம் நிலவரம் என்ன என்று சொல்வது. அரைமணிக்கு ஒருமுறையோ மணிக்கு ஒருமுறையோ வரும். டாஃப் என்பது அடுத்து என்ன ஆகும் என்ற கணிப்பு. பெரிய விமான நிலையங்களுக்கு 24 அல்லது 30 மணி நேரத்துக்கு இருக்கும், ஆறு மணிக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள்.

மெட்டாரை முதன்முறை பார்ப்பவருக்குத் தந்தி போலத் தெரியும். மாதிரிக்கு நானே எழுதிய ஒன்று:

இஜிஎல்எல் 120550இசட் 24015ஜி28கேடி 4000 ஆர்ஏ பிகேஎன்012 14/12 க்யூ1008 நோசிக்

பிரித்துப் பார்க்கலாம். முதலில் வரும் இஜிஎல்எல், லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் குறியீடு. அடுத்து, மாதத்தின் 12ஆம் தேதி, சர்வதேச நேரம் காலை 5.50. இந்த அறிக்கைகளில் உள்ளூர் நேரம் என்ற பேச்சே கிடையாது. காற்று 240 டிகிரியிலிருந்து, அதாவது தென்மேற்கிலிருந்து 15 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் வீசுகிறது. அவ்வப்போது 28 நாட்வரை எகிறுகிறது. பார்வைத்தூரம் 4,000 மீட்டர், மழை பெய்கிறது. வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்தால் அதில் ஐந்து முதல் ஏழு பங்கை மூடிய மேகம் 1,200 அடியில் தொடங்குகிறது. வெப்பநிலை 14, பனிநிலை 12. காற்றழுத்தம் 1008 ஹெக்டோபாஸ்கல். கடைசிச் சொல், அடுத்த இரண்டு மணி நேரத்தில் பெரிய மாற்றம் இல்லை என்கிறது.

இதை ஒரு பைலட் எப்படிப் படிப்பார்? ஹீத்ரோவின் ஓடுபாதைகள் கிழக்கு மேற்காக உள்ளன. மேற்கு நோக்கி இறங்கும்போது 240 டிகிரிக் காற்று 30 டிகிரி சாய்வாக இடப்பக்கமிருந்து வரும். பக்கவாட்டில் தள்ளும் விசை 15 நாட்டில் பாதி, ஏழரை நாட். திடீர் வீச்சில் 14 ஆகும். பெரிய விமானத்துக்கு இது சாதாரணம். அப்புறம் 14, 12 என்ற அந்த இரண்டு எண்கள். பனிநிலை என்பது காற்றில் உள்ள ஈரம் நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை. இரண்டுக்கும் இடையே இடைவெளி குறையக் குறைய மூடுபனிக்கான வாய்ப்பு கூடும். இங்கே காற்று நன்றாக வீசுவதால் பயமில்லை. காற்றில்லாத தெளிந்த இரவில் இதே இடைவெளியைப் பார்த்தால் டிஸ்பேட்சர் மாற்று விமான நிலையத்தை இன்னொரு முறை சரிபார்ப்பார்.

டாஃபில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஒரு நிகழ்வுக்கு 30 அல்லது 40 சதவீத வாய்ப்பு என்று போடலாம். 50 என்று போட முடியாது. பாதிக்குப் பாதி வாய்ப்பு வந்துவிட்டால் மழுப்பக் கூடாது, அது நடக்கும் என்றே எழுதிவிட வேண்டும் என்பது விதி. 30க்குக் கீழே இருந்தால் சொல்லவே தேவையில்லை. தொலைக்காட்சியில் "ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்" என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தக் கறார் வியப்பாக இருக்கும்.

வெப்பநிலைக்கும் இதே கறார் உண்டு. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. இறக்கைக்கும் என்ஜினுக்கும் பிடிப்பு குறையும். 2017 ஜூனில் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் 120 டிகிரி ஃபாரன்ஹீட் கணிக்கப்பட்டபோது, 118 டிகிரிவரை மட்டுமே பறக்கச் சான்று பெற்ற சிறிய ஜெட் விமானங்களின் பயணங்கள் ரத்தாயின. பெரிய விமானங்களின் வரம்பு கூடுதல் என்பதால் அவை போய்க்கொண்டிருந்தன.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகள்

உலக வானத்தைப் பல தகவல் மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு கண்காணிப்பு அலுவலகம் பார்க்கிறது. கடுமையான கொந்தளிப்பு, கடும் பனிப்படிவு, இடிமேகக் கூட்டம் போன்றவை வந்தால் அது சிக்மெட் என்ற எச்சரிக்கையை வெளியிடும். வழக்கமாக நான்கு மணி நேரம் செல்லுபடியாகும். புயலுக்கும் எரிமலைச் சாம்பலுக்கும் ஆறு மணி நேரம். இந்த அமைப்பின் பலவீனமான கண்ணி இதுதான் என்பது என் எண்ணம். மேல்வானக் கணிப்பு உலகம் முழுக்க ஒன்று. எச்சரிக்கை மட்டும் நாட்டுக்கு நாடு. ஒரு பக்கம் எச்சரிக்கை இருக்கும், கோட்டைத் தாண்டினால் இருக்காது. மேகத்துக்கு அந்தக் கோடு தெரியுமா?

புயலுக்கு ஏழு ஆலோசனை மையங்கள், எரிமலைச் சாம்பலுக்கு ஒன்பது மையங்கள் தனியே உண்டு. சாம்பலுக்கு ஏன் இவ்வளவு ஏற்பாடு என்பதற்கு ஒரு கதை இருக்கிறது.

1982 ஜூன் 24, இரவு. கோலாலம்பூரிலிருந்து பெர்த் நோக்கி 37,000 அடியில் போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஜாவா தீவுக்கு அருகே இருந்தது. ரேடாரில் ஒன்றும் இல்லை, வானம் தெளிவு. முன்கண்ணாடியில் நீல ஒளி மினுங்கத் தொடங்கியது. கேபினுக்குள் புகை போல ஏதோ வந்தது. அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு என்ஜின்களும் நின்றன. விமானம் வெறும் கிளைடராகக் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. குழுவினர் திரும்பத் திரும்ப முயன்று, ஒருவழியாக என்ஜின்களை உயிர்ப்பித்தார்கள். ஜகார்த்தாவில் இறங்கும்போது முன்கண்ணாடி வழியே சரியாகப் பார்க்க முடியவில்லை. உப்புத்தாளால் தேய்த்தது போல மங்கியிருந்தது.

காரணம் கலுங்குங் எரிமலை. சாம்பல் என்றால் அடுப்புச் சாம்பல் இல்லை. பொடிப்பொடியான பாறையும் கண்ணாடியும். என்ஜினுக்குள்ளே இருக்கும் வெப்பத்தில் அது உருகி, டர்பைன் பகுதியில் போய் ஒட்டிக்கொண்டு காற்றோட்டத்தை அடைக்கிறது. விமானம் சாம்பலை விட்டு வெளியே வந்து, நின்ற என்ஜின் குளிர்ந்தபோது ஒட்டியதில் ஒரு பகுதி உதிர்ந்ததால்தான் மறுபடி ஓடியது. விமானத்தின் மூக்கிலுள்ள ரேடார் நீர்த்துளிகளைப் பார்க்கும். காய்ந்த நுண்சாம்பல் அதற்குத் தெரியாது. பைலட்டால் பார்க்க முடியாததை வேறு யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். 1989இல் அலாஸ்காவின் ரிடவுட் எரிமலைச் சாம்பலில் கேஎல்எம் விமானம் ஒன்றுக்கும் இதே கதி நேர்ந்து, தப்பியது. 1990களில் சாம்பல் மையங்கள் வேலையைத் தொடங்கின. செயற்கைக்கோள் படங்களில் சாம்பலைத் தேடி, காற்று அதை எங்கே கொண்டுபோகும் என்று கணக்கிட்டுச் சொல்வது அவற்றின் வேலை.

2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் எயாஃபியாட்லயோகுட் வெடித்தபோது இந்த ஏற்பாட்டுக்கே சோதனை வந்தது. அதுவரை விதி எளிமையாக இருந்தது: சாம்பல் இருந்தால் போகாதே. வடமேற்கு ஐரோப்பா முழுவதும் மெல்லிய சாம்பல் பரவ, வான்வெளி நாள்கணக்கில் மூடப்பட்டது. ஏறத்தாழ ஒரு லட்சம் பயணங்கள் ரத்தாயின. எவ்வளவு சாம்பல் இருந்தால் ஆபத்து என்ற கேள்விக்கு யாரிடமும் எண் இல்லை. அந்த வாரத்திலேயே என்ஜின் தயாரிப்பாளர்களும் அதிகாரிகளும் உட்கார்ந்து பேசி, கன மீட்டருக்கு 2 மில்லிகிராம் என்று ஒரு வரம்பை வைத்தார்கள். நெருக்கடி வந்த பிறகு விதி எழுதுவது விமானத்துறையில் புதிதில்லை.

தெளிந்த வானக் கொந்தளிப்பும் ரேடாருக்குத் தெரியாத இனம்தான். மேகமே இல்லாத இடத்தில், ஜெட் ஸ்ட்ரீமின் விளிம்பில், பக்கத்துப் பக்கத்துக் காற்று அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் உரசும்போது வரும். இங்கே கணிப்பு ஓரளவுதான் உதவும். பெரிய உதவி, முன்னால் போன பைலட் வானொலியில் சொல்லும் இரண்டு வார்த்தை. சூரியப் புயலால் வானொலித் தொடர்பும் ஜிபிஎஸ்ஸும் பாதிக்கப்படும் என்பதால், 2019 நவம்பரிலிருந்து விண்வெளி வானிலைக்கும் ஐகாவோவின் மையங்கள் உண்டு; துருவத்தை ஒட்டிப் பறப்பவர்களுக்கு இது முக்கியம்.

இறங்கும் நேரம்

நம் விமானம் இப்போது அட்லாண்டிக்கைத் தாண்டிவிட்டது. வழி நெடுக அது சும்மா வரவில்லை. உணரிகள் அளந்த காற்றும் வெப்பநிலையும் தானாகவே தரைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஏறும்போதும் இறங்கும்போதும் விமானம் அனுப்பும் தரவு, பலூன் விட்டு அளந்தது போல, கீழிருந்து மேல்வரை ஒரு முழு வெட்டுத்தோற்றத்தைத் தருகிறது. கணிப்பை வாங்கும் வாடிக்கையாளரே அதற்கான சரக்கையும் தருகிறார். 2020இல் கொரோனாவால் விமானங்கள் தரையில் நின்றபோது, வானிலை மையங்களுக்கு இந்தத் தரவு பாதிக்கும் கீழே போய்விட்டது.

இறங்கத் தொடங்கியதும் பைலட் உயரமானியைத் திருத்துவார். அது உண்மையில் ஒரு காற்றழுத்தமானி. உயரத்தில் பறக்கும்போது எல்லா விமானங்களும் 1013 என்ற ஒரே அளவை வைத்துக்கொள்ளும், அப்போதுதான் ஒன்றுக்கொன்று இடைவெளி சரியாக இருக்கும். தரையை நெருங்கும்போது அந்த ஊரின் உண்மையான அழுத்தம் வேண்டும். நம் மெட்டாரில் 1008. ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறத்தாழ 28 அடி. ஐந்து அளவு மாற்றாமல் விட்டால், கருவி காட்டுவதைவிட விமானம் 140 அடி கீழே இருக்கும். மேகம் 1,200 அடியில் தொடங்கும் மழைநாளில் அது சின்னத் தவறு இல்லை.

கடைசிக் கட்டத்தில் பயப்பட வேண்டியது காற்று வெட்டு: சில நூறு மீட்டருக்குள் காற்றின் வேகமோ திசையோ சட்டென்று மாறுவது. இடிமேகத்திலிருந்து குளிர்ந்த காற்று குடம் கவிழ்த்தாற்போலக் கீழே கொட்டி, தரையில் மோதி நாலாபக்கமும் சிதறும். அதற்குள் நுழையும் விமானத்துக்கு முதலில் எதிர்காற்று கிடைத்து மேலே தூக்கும். அடுத்த சில வினாடிகளில் அதுவே பின்காற்றாகி, தூக்கும் விசை போய்விடும். 1975இல் நியூயார்க்கில் ஒரு விமானம் இப்படி விழுந்தது. அதை ஆராய்ந்த வானிலை விஞ்ஞானி டெட் ஃபுஜிட்டா தந்த விளக்கம்தான் இது. (அந்த நாளும் ஜூன் 24. வெறும் தற்செயல்தான், ஆனாலும் குறித்து வைத்திருக்கிறேன்.) ஆரம்பத்தில் பலர் நம்பவில்லை. 1985இல் டல்லஸில் இதே காரணத்தால் இன்னொரு பெரிய விபத்து நடந்த பிறகு, அமெரிக்காவின் பெரிய விமான நிலையங்களுக்குத் காற்றின் வேகத்தையும் அளக்கும் தனி டாப்ளர் ரேடார்களும், விமானத்துக்குள்ளேயே எச்சரிக்கும் கருவிகளும் வந்தன.

இன்று காலை அப்படி எதுவும் இல்லை. 1,200 அடியில் மேகம் விலகி ஓடுபாதை விளக்குகள் தெரிகின்றன. காற்று சொன்னபடியே இடப்பக்கமிருந்து தள்ளுகிறது. சக்கரம் தொட்ட பிறகு பார்த்தால், எதிர்பாராதவற்றுக்கு என்று வைத்த 5 சதவீதத்தில் பெரும்பகுதி தொட்டியிலேயே இருக்கிறது. நியூயார்க்கில் டிஸ்பேட்சர் இதற்குள் அடுத்த விமானத்தின் கணக்கைத் திறந்திருப்பார். இது மேற்கே போவது, ஏழு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.